இருக்கை ஒன்றுக்கு

சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருக்கிறது
இன்சூரன்ஸ் ஆபீஸ்.
செக்கானூரணியில் பஸ் ஏறும்போது என் பையில்
பழைய பாலிசி, எஃப்சி நகல்,
தாளாளர் கையெழுத்து மட்டும் போட்ட செக்,
ஒரு டப்பா எலுமிச்சைச் சோறு.

ஜபருல்லா திரையைத் திருப்பிக் காட்டினார்.
போன ஆனியைவிட
வேனின் மதிப்பு நாற்பதாயிரம் இறங்கியிருந்தது,
கட்ட வேண்டியது பதினோராயிரம் ஏறியிருந்தது.
அது இறங்கினால் இதுவும் இறங்க வேண்டாமா என்றேன்.
"வண்டிக்குத்தான்க்கா வயசாகும்.
அது போயி முட்டுறதுக்கு வயசாகாது."
சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி
என்று எங்கள் பலகையில் இருக்கிறது.
"பெறும் என்பது எதிர்காலப் பெயரெச்சம்"
என்று தமிழாசிரியர் ஒருநாள் சொன்னபோது
ஆசிரியர் அறையே சிரித்தது.
நான் சிரிக்கவில்லை. கோப்பு என்னிடம் இருக்கிறது.

சம்பளம் வந்துவிடும், அதில் குறை சொல்லக் கூடாது.
பராமரிப்பு மானியம்தான் மூன்று வருடமாக
'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் வழங்கப்படும்.'
ஒரே வரி. தேதியை மட்டும்
யாரோ ஒவ்வொரு முறையும் வேறு பேனாவில் திருத்துகிறார்கள்.
வந்தாலும்
சுண்ணாம்புக்கும் துடைப்பத்துக்கும் ஓடு மாற்றவும்தான்.
வேன் என்ற சொல் அந்த விதிகளில் எங்கும் இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.
ஆனால் அது வந்தால்
ஓட்டுக்கு எடுத்து வைத்த பணம் இதற்கு மிஞ்சும்.
ஒரு பள்ளிக்கூடம் இப்படித்தான் ஓடுகிறது,
ஒன்றின் சட்டையை இன்னொன்றுக்கு மாட்டி.

"இருக்கை ஒண்ணுக்கு இவ்வளவுன்னு போடுறாங்கக்கா,"
குரலைத் தாழ்த்தினார் ஜபருல்லா.
"இருபத்தாறை இருபத்திரண்டாக்கினா..."

சனிக்கிழமை மதியம்
பேக்காமன் அண்ணன் வேனுக்குள் படுத்துக்கொண்டு
கடைசி வரிசையைக் கழற்றினார்.
நட்டுகள் துருவேறி இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து,
மறுபடி ஊற்றி.
சீட்டுக்கு அடியில்
புளியங்கொட்டைகள், ஒற்றைக் கொலுசு,
அறிவியல் வினாத்தாளில் செய்த ராக்கெட்.
கொலுசை என் மேசையில் வைத்துவிட்டு
ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

யார் அந்த நால்வர் என்று எழுத வேண்டியவள் நான்.
தூரம் அதிகம், டீசலும் மிஞ்சும் என்று
சின்னமாயன்பட்டி விலக்கைத் தேர்ந்தெடுத்தேன்.
மாயாதேவி. கிஷோர்பாண்டி. அவன் தங்கை. நிவேதிகா.
காரணம் என்ற கட்டத்தில்
'நிர்வாகக் காரணம்' என்று போட்டேன்.
வேறு எதுவும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

பாலிசி வந்துவிட்டது.
ஊதா முத்திரையோடு, அழகாக.
இருபத்திரண்டு உயிர்களும் ஓட்டுநரும்
அடுத்த ஆனிவரை பத்திரம்.

கழற்றிய சீட்டை என் அறையில் சுவரோரம் போட்டிருக்கிறோம்,
பார்க்க வருகிறவர்கள் உட்கார இதுவரை எதுவும் இருந்ததில்லை.

இன்று நிவேதிகாவின் அம்மா வந்தாள்.
பஞ்சுமில் சீருடை, இரவு ஷிப்ட் முடிந்த கண்.
நாலு கிலோமீட்டர், தேனி ரோட்டைத் தாண்டணும்,
லாரி எல்லாம் நிக்காமப் போகுது,
எப்ப வரும்மா திரும்ப வேன், என்றாள்.
"மானியம் வந்ததும்" என்றேன்.
எனக்கு எழுதப்பட்ட வரியே என் வாயில் வந்தது,
தேதி கூட இல்லாமல்.

அவள் எழுந்து போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.
டிசி வாங்க இன்னொருத்தர் உள்ளே வந்தார்,
நிமிர்ந்து பார்க்காமலே
வேனில் நகர்வதைப்போல
ஓரத்துக்கு நகர்ந்து
அவருக்கு இடம் விட்டாள்.