ஐந்து காஸ் கோடு

டிசம்பர்.
தாலினில் மூன்றரைக்கே பகல் முடிந்துவிட்டது.
காந்தத்தைச் சுற்றித் தரையில்
மஞ்சள் நாடா, ஒரு வட்டம்.
வட்டத்துக்கு வெளியே பிளாஸ்டிக் கூடையில்
சாவிக்கொத்து, வங்கி அட்டை,
ராய்வோவின் நின்றுபோன கைக்கடிகாரம்
(ஒருமுறை மறந்துவிட்டான்).

வட்டத்துக்கு வெளியே
மாரிக்காவும்.
ஆகஸ்டிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி
நாடியை எண்ணிக் கொடுக்கிறது.
ஒன்பது வருடம் இந்தக் காந்தத்துக்கு
ஹீலியம் ஊட்டியவள்
கோட்டின் விளிம்பில் பூட்ஸ் முனையை வைத்து
"இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்கிறாள்.
நான் திருகுகிறேன்.
வெண்புகை என் கையுறையை விழுங்குகிறது.

பாக்டீரியாவுக்குக் கனத்த நைட்ரஜனைத் தின்னக் கொடுத்து
பத்து நாள் பாடுபட்டு எடுத்த புரதம்
அரை மில்லி.
விலையை நினைத்தால்
குழாயைப் பிடித்த விரல் நடுங்கும்.
நினைக்காமல் இறக்குகிறேன்.

இது படம் எடுப்பது அல்ல.
முகம் ஒன்றும் தெரியாது.
இருட்டறையில் பெயர் கூப்பிட,
ஒவ்வொருவராக
"உள்ளேன்" என்பதைக் கேட்பது.
திரையில் நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்,
நூற்றுப் பன்னிரண்டு உள்ளேன்.
மேலே, கூட்டத்தோடு சேராமல்,
கிளைசின்களின் வழக்கப்படி
எழுபத்தொன்று.

பிறகு நாற்பத்தாறாம் எண் மூலக்கூறு.
மருந்து என்று சொன்னால் பொய்.
மருந்தின் விரல்கூட இல்லை, நகம்.
முந்தைய நாற்பத்தைந்து நகங்களுக்கும்
இந்தப் புரதம் திரும்பியே பார்க்கவில்லை.

இன்று ஒன்பது புள்ளிகள் நகர்ந்தன.
ராய்வோ நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தான்.
எனக்குக் காது சூடாகிவிட்டது.
கோட்டுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்:
"அமிலத்தை அளந்தீர்களா?"

அளந்தோம்.
6.8 இருக்க வேண்டியது 6.3.
நகர்ந்தவை ஹிஸ்டிடின்கள்,
அவற்றின் அக்கம்பக்கத்தார்.
நகம் தொடவில்லை, புளிப்பு தொட்டிருக்கிறது.
புளித்த தண்ணீரில்
யார்தான் முகம் சுளிக்க மாட்டார்கள்?

ஆறிய காபி.
துளித்துளியாய்க் காரம் சேர்த்து
மறுபடியும் முதலிலிருந்து.
ஒன்பதும் வீடு திரும்பிவிட்டன,
ஒன்றும் நடக்காததுபோல.
எழுபத்தொன்றைத் தேடினேன்.
நகரவில்லை.
இல்லை.

"செத்துவிட்டது" என்றான் ராய்வோ.

வருகிறவன் சட்டென்று வந்து சட்டென்று போனால்
புள்ளி நடுவழியில் நிற்கும்.
ஆற அமர இருந்து போனால்
இரண்டு புள்ளி, வீட்டில் ஒன்று, விருந்தில் ஒன்று.
இரண்டும் இல்லாத ஒரு வேகம் இருக்கிறது.
வரவா போக்கா என்று கேட்கிறவருக்கே குழம்பும் வேகம்.
அப்போது குரல் அகன்று, அகன்று,
சுவரின் இரைச்சலோடு கலந்துவிடும்.
இதை நான் பாடத்தில் படித்திருக்கிறேன்.
இரவு பதினொன்றுக்கு நம்பத் துணிச்சல் வரவில்லை.

"கூட்டிப் பார்" என்றாள் மாரிக்கா.
இருமடங்கு விட்டோம்.
எழுபது மங்கியது. எழுபத்துமூன்றும்.
அப்புறம் பதினெட்டு.
சங்கிலியில் ஐம்பத்துமூன்று வீடு தள்ளி,
மடிந்தபின் எதிர்வாசல்.

யாரும் கைதட்டவில்லை.
இந்த நகத்துக்கு விரல் முளைக்க
பத்து வருடம் ஆகலாம்.
முளைக்காமலே போகலாம்.
எந்தப் பிள்ளையின் எந்த நரம்புக்காக என்பது
ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில்
சின்ன எழுத்தில் இருக்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்:
71, காணோம்.
மாரிக்கா கை நீட்டினாள்.
கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
காணோம் என்பதை அடித்துவிட்டு
"பேச்சில் இருக்கிறது" என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டாள்.
ராய்வோ அந்தக் குறியை அழிக்கப் பார்த்தான்.
விடவில்லை.

ஹீலியம் அறுபத்தெட்டு சதம்.
கூடையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு
பனியில் டிராம் பிடிக்க நடந்தோம்,
அவள் நடைக்கு நாங்கள் நடந்து.