புதுமைக்குச் சான்று இணைக்கவும்

ஆரம்பாக்கம் கிளை அலுவலகத்தில்
ஒற்றைச் சாளரம் என்பது
நிஜமாகவே ஒரு சன்னல்.
கொக்கி போய்விட்டது, செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
காற்றடித்தால் கோப்புகள்
ஆந்திராவைப் பார்த்துப் பறக்கும்.

முனிலட்சுமி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
தடாவில் செல்போன் பூட்டும் வரிசையில்
இரவு ஷிப்டு முடித்து
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அப்படியே.
கையில் பழைய ஊறுகாய் டப்பா.
மூடியில் ஓட்டை, ஓட்டையில் ஒயர்,
உள்ளே ஒரு சிம்.

"எறாக் குட்டைக்கு சார்.
விடியக்காலம் மூணு மணிக்குத் தண்ணியில காத்து கொறையும்.
எறா எல்லாம் கரையோரம் ஒதுங்கும்.
அப்ப இது மிஸ்டு கால் குடுக்கும்."
ஏன் மிஸ்டு கால்?
"எடுத்துட்டா காசு சார்."

படிவத்தில் பதினான்காம் இனம்:
புதுமை என்பதற்குச் சான்று இணைக்கவும்.
யார்கிட்ட வாங்கறது என்றாள்.
பத்தொன்பது வருடத்தில்
மாவு மில்லுக்குக் கடன் கேட்டவர்கள்தான் அதிகம்,
அந்த இனத்தில் கோடு போட்டு விட்டுவிடுவோம்.

மேலே எழுதிக் கேட்டேன்.
மேலிடம் கீழே விளக்கம் கேட்டது.
கீழே என்றால் நான்.

இதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து
அவளுக்குத் தெலுங்கில் ஒரு கடிதம்.
நான் கீழ்வேளூர்க்காரன், ஒரு எழுத்து தெரியாது.
எதிர்க்கடைக்காரனின் விலைப்பட்டியலை
அவளே எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள்:
நிற்காத கரண்ட்,
தகரக் கூரை போட்ட கொட்டகை,
மூன்று வருடம் வாடகை கிடையாது.

"போவட்டா சார்?"

அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.
அரசாங்கம் அப்போது
டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தது,
பாதி பிஸ்கட் உள்ளேயே விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கரண்ட் போனதும்
சன்னலோரம் உட்கார்ந்து அவள் தாள்களைப் புரட்டினேன்.
பள்ளிக்கூடத்தில் கொடுத்த மடிக்கணினியின் எண்.
அதில்தான் புரோகிராம் எழுதினாளாம்.
அரசு ஐடிஐ சான்றிதழ்.
இலவச பஸ் பாஸின் நகல், முகம் தெரியாத கறுப்பில்.
சத்துணவு முட்டைக்கு மட்டும் ரசீது இல்லை.

ஊறுகாய் டப்பாவில் பாதி ஏற்கெனவே நாங்கள் போட்ட காசு.
எந்தக் கணக்குத் தலைப்பில் போட்டோம் என்பது
எங்களுக்கே ஞாபகம் இல்லை.

போகும்போது கேட்டிருந்தாள்,
"உங்க நம்பரையும் சேத்துக்கட்டுமா, சும்மா சோதனைக்கு?"
சரி என்றேன், மறந்தும் போனேன்.

வியாழன் இரவு மூன்று பத்துக்கு
தலைமாட்டில் ஒரே ஒரு மணி.
எழுந்து உட்கார்ந்தேன்.
சுண்ணாம்புக்குளத்துக் குட்டையில்
ஏதோ ஒன்றரை லட்சம் உயிர் மூச்சுக்குத் தவிக்கிறது,
எனக்குச் செய்தி வந்திருக்கிறது,
செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.
வெகு நேரம் கழித்து
எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமுவதுபோல் கேட்டது.
பிரமையாகவும் இருக்கலாம்,
குட்டை ஆறு கிலோமீட்டர்.

காலையில் பதினான்காம் இனத்தில் எழுதினேன்:
மேற்படி கருவி
கீழே கையொப்பமிட்டவரை எழுப்பியது.
அழைப்புப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

எழுதியபின் போனைப் பார்த்தால்
ஆந்திரப் பிரதேசத்துக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி.
குட்டை நம்முடையது,
கோபுரம் அவர்களுடையது.

கோப்பு மேலே போயிருக்கிறது.
அவள் இன்னும் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.
டப்பாவில் இருக்கும் சிம்முக்கு
இருபத்தெட்டு நாள் வேலிடிட்டி.
பதினேழு போய்விட்டது.