ஐந்து கட்டை

லதா பாடுவது ஐந்து கட்டை.
குன்னூர் மூடுபனிக்கு அது தெரியாது.
ஆனி மாதம், ராத்திரி சேர்த்து வைத்த மிருதங்கம்
விடிவதற்குள் நாலரைக்கு இறங்கி
நமுத்த அப்பளம் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
கல்லையும் கட்டையையும் எடுத்து
வார் வாராகத் தட்டி நான் ஏற்றிய அரைக் கட்டையை
மத்தியானத்துக்குள் ஒரு மேகம் வந்து
வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஓட்டுப்பட்டறை இறக்கத்தில்
முனாஃப் பாயின் வர்க்கி அடுப்புக்கும்
ஓர் ஈட்டுக்கு ஐந்து கட்டை. சீகை.
"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு" என்று சிரித்து
மைதா மூட்டைகளுக்கு மேலே ஒரு பலகை ஒழித்துக் கொடுத்தார்.
அடுப்பை ஒட்டி வைத்தால் தோல் வெடிக்கும்,
தள்ளி வைத்தால் தொங்கும்.
நடுவில் நாலு முழம்.
அந்த நாலு முழத்தைக் கண்டுபிடிக்க
இரண்டு வலந்தலை மூட்டு செலவு,
கோயம்புத்தூர் பஸ் தனி.

அதற்கு முன்பும் சும்மா இருக்கவில்லை.
நியூஜெர்சிப் பையனுக்கு
அதிகாலை மூன்றரைக்கு தா தீ தொம் நம் சொன்னேன்.
மேகம் சிக்னலைத் தின்றதில்
அவனுக்கு தா மட்டும் போய்ச் சேர்ந்தது.
ரிசார்ட்டில் வரவேற்பு வாசித்தேன்:
"கொஞ்சம் மெதுவா மேடம், சாப்பிடறாங்க."
சபாவுக்கு எழுதிய கடிதம்
இன்னும் மலை இறங்கிக்கொண்டிருக்கிறது.

பேக்கரியில் நான் வாசித்தது சாதகம்தான்.
முதல் ஈடு வெளியே வரும்வரை
பால்காரர்கள், ஆட்டோக்காரர்கள், கேட்டுக்கு வெளியே குல்லாவோடு.
ஒரு நாள் பெள்ளிராஜ் ஐம்பது ரூபாயை
மிருதங்கத்துப் பக்கத்தில் வைத்தான்.
எதுக்கு?
"காத்திருந்தது தெரியல."

எது விலை போகும் என்று
எந்தக் குருவும் எனக்குச் சொன்னதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஐந்து மணி.
முப்பது பேர். ஆளுக்கு நானூறு, கால் கிலோ வர்க்கி சேர்த்து.
லதா மேட்டுப்பாளையத்திலிருந்து கார் பிடித்து வருவாள்.
தட்டுகள் உள்ளே போகும்போது வர்ணம்.
கடைசி ஈட்டுக்குக் கதவு மூடியதும் தனி.
வாசனை எழும்போது மோராவுக்கு வந்துவிட வேண்டும்,
கோர்வை முடியவும் கதவு திறக்கவும்.
கருகினால் முனாஃப் பாய் என்னைப் பார்ப்பார்.
"வர்க்கிக்கு வரி இருக்கு, தாளத்துக்கு என்ன போடறது?"
என்று கணக்கர் கேட்டார்.
பில்லில் வர்க்கி பெரிய எழுத்தில்,
நான் அடியில், 'இதர'.

மூன்றாம் மாதம் பர்லியாற்றில் மண் சரிந்தது.
லதா கீழே, நான் மேலே,
நடுவில் ஒரு ஜேசிபி.
முப்பதில் வந்தது ஒன்பது பேர்.
பாட்டில்லாத கச்சேரிக்கு
எந்தக் கட்டையாக இருந்தால் என்ன என்று
சுருதி பார்க்காமலே உட்கார்ந்தேன்.
அப்போதுதான் காதில் விழுந்தது:
பின்னால் சகாயம் மாவை அடிக்கிற அடி.
மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று.
நிறுத்தம் மட்டும் ஒரே அளவாக இல்லை.
"அது என்ன நடை அண்ணே?"
"நடையெல்லாம் இல்லீங்க யோகேஸ்வரி. இடுப்பு வலி."

அந்த வலி விட்ட இடத்தில் மிஸ்ரத்தை வைத்தேன்.
பொருந்தவில்லை. தள்ளி வைத்தேன்.
அவன் கவனித்துவிட்டான்,
கவனிக்காதவன் மாதிரி ஓர் அடியைக் கூட்டினான்.
நாற்பது நிமிஷம் ஓடியிருக்கும்.
ஒரு ஈடு கருகியது.
முனாஃப் பாய் என்னைப் பார்க்கவில்லை.

நோட்டில் எழுதினேன்.
வரவு மூவாயிரத்து அறுநூறு.
திருப்பிக் கொடுத்தது எட்டாயிரத்து நானூறு.
கருகிய ஈடு, என் கணக்கில்.
சகாயத்துக்கு ஐந்நூறு:
எந்தத் தலைப்பில் போடுவது என்று யோசித்து
பக்கவாத்தியம் என்று எழுதினேன்.

அந்தப் பணத்தில் இடுப்புக்குத் தைலம் வாங்கினானாம்.
கேட்கிறது என்கிறான்.
அடுத்த மாதம் அந்த நிறுத்தம்
இருக்குமோ என்னவோ.