ஆதிரைக்கு ஒரு துணை

இரவு இரண்டே முக்கால்.
முத்தோரை பாலாடாவில் கேரட் பிடுங்குகிறோம்.
பதினாறு பேர், பதினாறு நெற்றி விளக்குகள்.
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டியில் லாரி நிற்க வேண்டும்.
மார்கழி நாலு. புல்லெல்லாம் உப்புத் தூவிய உறைபனி.
ரப்பர் கையுறைக்குள் விரல்கள் இருப்பதாக
நம்பித்தான் வேலை.

என் கழுத்தில் ஒரு பைனாகுலர்.
ஊட்டி ரேஸ் முடிந்த மறுநாள்
சீட்டுகள் கிழிந்து கிடந்த வாசலில்
கடன் தீர்க்க ஒருவர் விற்றது, எழுநூறு ரூபாய்.
வலது கண்ணில் கொஞ்சம் பூஞ்சை.
குதிரைகளைத் துரத்தித் தோற்ற கண்ணாடி
இப்போது ஓடாதவற்றைப் பார்க்கிறது.
அவையும் ஓடுகின்றன, தெரியும்.
நமக்குத்தான் அவ்வளவு பொழுதில்லை.

எதிர்ச் சரிவில் ரேடியோ தொலைநோக்கி.
அரைக் கிலோமீட்டர் நீளம்,
பூமி சுழலும் அச்சுக்கு இணையாக
மலையே சாய்ந்து கொடுத்த இடம்.
இருட்டில் பார்த்தால் யாரோ போட்டு மறந்த வேலி.
அது பார்ப்பதில்லை, கேட்கிறது.
ஊட்டிக்குள் வேறொரு இடத்தில்
இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்து
வானத்திலிருந்து விழும் துகள்களை எண்ணுகிறார்களாம்.
நாங்கள் மூட்டை எண்ணுகிறோம்.
கணக்குத் தப்பினால் இரண்டு இடத்திலும் திட்டு விழும்.

எங்களுக்கு மேஸ்திரி கோசலை.
அவள் அதட்டினால் மூன்று வயல் தாண்டி நாய் குரைக்கும்.
டீ வந்ததும்
"வெளக்க அணைங்க, பேட்டரி யாரு அப்பன் வீட்டுது?"
பதினாறும் ஒவ்வொன்றாய் அணைய
ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை.
அப்புறம் வானம்,
கடன்காரர்கள் வருவதுபோல்
முதலில் ஒருவர், பின்னாலேயே நாலு பேர்,
பிறகு தெருவே.

மேற்கே சாய்ந்திருந்தது ஆதிரை.
மண் துடைத்த கேரட்டின் நிறம்.
கோசலைக்கும் அதே நட்சத்திரம்.
நாலு மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தை மடித்து
திருப்பிக் கொடுத்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள்.
சொல்லி முடித்த பிறகு
கொஞ்ச நேரம் ரொம்ப வேகமாகப் பிடுங்குவாள்.

"அக்கா, ஒன் நட்சத்திரத்துக்குத் தொணை இருக்காம்."
"யாரு சொன்னா?"
"இந்த வருஷந்தான் சொல்றாங்க."

ஆறு வருடம் முன் அது மங்கியபோது
வெடிக்கப்போகிறது என்று உலகமே அண்ணாந்து நின்றது.
அதுவோ கொஞ்சம் தூசியைத் துப்பிவிட்டு
தன்பாட்டுக்கு எரிந்தது.
ஆனால் ஆறு வருடத்துக்கு ஒரு தரம்
லேசாய் ஏறி இறங்குகிற அந்த ஒளிக்கு
ஒட்டினாற்போல் சுற்றும் ஒரு சின்னது காரணமாம்.
நீலம் கலந்த வெள்ளை, வயசும் குறைவு.
இத்தனை காலமாய் இத்தனை கண்கள் பார்த்தும்
பெரியதன் வெளிச்சத்தில் கூசித் தவறவிட்டது.

பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டாள்.
"ஒண்ணுதானே தெரியுது?"
"இதுல தெரியாதுக்கா. எதுலயுமே லேசுல தெரியாது.
ரெண்டாயிரத்து இருபத்தேழு நவம்பர்ல
மறுபடி கொஞ்சம் வெலகி நிக்குமாம்."
"அப்புறம்?"
"பத்தாயிரம் வருஷத்துக்குள்ள பெருசு அத முழுங்கிடும்."

டீயின் ஆவி அவள் முகத்தைத் தாண்டிப் போனது.
"அதுவரைக்கும் சேந்து சுத்துமா?"
"சுத்தும்."
"ம்ம்."

ஜாதகக்காரனை வைவாள் என்று எதிர்பார்த்தேன்.
வையவில்லை.
கண்ணாடியை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள்.
"இது என்ன, குளிர்ல யாரோ மூச்சு விட்ட மாதிரி?"
அங்கேதான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்றேன்.
பெள்ளி கவுடர் டார்ச் அடித்துக்கொண்டு
மேட்டில் இறங்கி வரும்வரை
ஆளுக்கு ஆள் டம்ளரை ஆறவிட்டு
அவளுக்கு இருட்டைக் காவல் காத்தோம்.

லாரி உறுமியபோது யோகராசா கேட்டான்,
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா?
பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கோசலை
"திரும்ப எண்ணு" என்றாள்.
சால்வைக்குள் நெஞ்சுப் பக்கம் புடைத்திருந்தது,
என் பைனாகுலர்.
நான் கேட்கவில்லை.