பன்னிரண்டு சொல்

அப்பாவுக்கு அவர்கள் பேச்சில் பன்னிரண்டு சொல் தெரியும்.
பதினொன்று ஏவல்,
ஒன்று நாயை விரட்ட.

எனக்குப் பால்பல் விழுமுன்பே எல்லாம் படிந்துவிட்டது,
குதிரையை முடுக்கக் கடைவாயில் எழுப்புவோமே, அதுகூட.
காகம்பா என்று இங்கே எழுதுகிறேன்.
அப்படியல்ல அவள் பெயர்.
இரண்டு ககரத்திலும் புட்டித் தக்கை தெறிக்கவேண்டும்.
எங்கள் வீட்டில் அவளைக் கேட்டி என்றார்கள்.
அவள் வீட்டில் எனக்கும் ஒரு பெயர் இருந்தது.
அதை நான் எங்கள் சாப்பாட்டு மேசைவரை
ஒருநாளும் கொண்டுபோனதில்லை.

ஆட்டு மயிர் கத்தரித்து முடிந்த வாரம்
அவள் சிற்றப்பா ஜொங்கிலிஸ்வே வந்தார்.
கம்பளி மூட்டைகளுக்கு அருகே நின்றார், தொப்பி கையில்.
அண்ணனைச் சுரங்கம் திருப்பித் தரவில்லை.
சேதியை முன்னோருக்குச் சொல்லவேண்டும்.
கீழ்வயலில், உங்கள் வேலிக்குள், மூன்று கல் கிடக்கிறதே,
அங்கே. ஞாயிறு வரலாமா?

எனக்கு ஒன்பது வயது. ஒன்றும் விடாமல் சொன்னேன்.
அப்பா கணக்குப் புத்தகத்திலிருந்து தலை எடுக்கவில்லை:
"அங்கே கல்லறை இல்லை, உழவில் புரண்ட கல்.
நாலு தலைமுறையாய் எங்கள் நிலம். சொல்."

நான் சொன்னேன்:
"வரலாமாம். வெயில் ஏறுமுன்."

அவர் இரு கையும் குவித்து அப்பாவுக்கு நன்றி சொன்னார்.
புரிந்துகொண்டான் என்று அப்பா தலையசைத்தார்.

ஞாயிறு. உறைபனி. மேடெல்லாம் கற்றாழை சிவந்திருந்தது.
நாய்களைக் கொட்டகையில் அடைத்து எலும்பு போட்டேன்.
பதினாலு பேர் வந்தார்கள்,
காகம்பா தன் அம்மாவின் போர்வைக்குள்.
எல்லாம் யோசித்திருந்தேன்,
கன்று போடும் பசுவைப் பார்க்க
அப்பா இருட்டிலேயே எழுவார் என்பதைத் தவிர.

பதினொரு சொல்லையும் சொன்னார்.
பிறகு பன்னிரண்டாவதையும்.

புதன்கிழமை லாரி வந்தது.
கதவு, கட்டில், கால் கட்டிய கோழிகள்,
அடி கருகிய முக்கால் பானை.
எல்லாவற்றுக்கும் மேலே அவள் உட்கார்ந்திருந்தாள்.
அந்த இன்னொரு பெயரால் கூப்பிடுவாள் என்று பக்கத்தில் போனேன்.
"தள்ளி நில்லுங்கள், மிஸ்" என்றாள்,
எங்கள் மொழியில், பிழையில்லாமல்.

ராத்திரி அப்பா கேட்டார், அவனிடம் என்ன சொன்னாய்?
நீங்கள் சொன்னதை.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார்,
ரொட்டி கிழியும்வரை.

அக்டோபர் உழவை மேட்டில் நின்று பார்த்தேன்.
டிராக்டர் நேராக வந்து
மூன்று கல்லருகே வளைந்து
மறுபடி நேரானது.
ஓட்டியது அவர்தான்.
அடுத்த வருடமும், அதற்கடுத்ததும்.
அந்த வளைவுக்குள் மட்டும்
மக்காச்சோளம் இல்லை, இடுப்பளவு புல்.