நான்கு விரற்கடை

புல்தரையில் ஆடியது ஆறு ஆட்டம்.
ஆறிலும் தோற்றேன்.
அங்கே பந்து எழும்புவதில்லை, நழுவுகிறது,
கடன் வாங்கியவன் சந்தில் திரும்புவதுபோல.
என் கால் செங்கல் தூளில் பழகிய கால்.

கொன்கோர்தியாவில் எங்கள் மன்றத்து ஆடுகளம்
இடித்த சுங்கக் கட்டடத்தின் செங்கல்.
லாரியில் வந்து இறங்கிய அன்று மழை,
ஆறு வரைக்கும் தெரு சிவந்தது என்பார் அப்பா.
அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.
பதினொரு வயதில் அதில் சறுக்கக் கற்றேன்:
பந்து வரும் இடத்துக்கு இரண்டடி முன்பே
ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.
மிச்சத்தை மண் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பதினாறு ஆண்டு.
அசுன்சியோன் பேருந்து நிலையத்தில்
மட்டைப் பையே தலையணை.
பரிசுப் பணத்தில் வரி போக,
நரம்பு கட்டிய கூலி போக,
மிஞ்சியதில் ஒரு வறுத்த கோழி.
லிஸ்பனில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து
சிவப்புத் தூளை விரலில் தேய்த்து
'என்ன இது?' என்றாள்.
'வேலை' என்றேன்.
வெள்ளைக் காலுறை வாங்குவதை ப்ரிசீதா
திருமணமான மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டாள்.

மற்ற தரைகளுக்கு மறதி உண்டு.
மண்ணில் ஒவ்வொரு பந்தும்
கைநாட்டு வைத்துவிட்டுத்தான் எழும்.
சந்தேகம் வந்தால்
நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வருவார்.
குனிவார்.

ஜெனோவா. அரையிறுதி.
மூன்றாம் செட், டைபிரேக், எட்டுக்கு ஏழு எனக்கு.
எதிரே செலென்கா, ஓலமோட்ஸ்காரன், இடதுகை.
மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது,
வலது தொடை என்னுடையதாக இல்லை.
அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்ததைப் பார்த்தேன்.
நான்கு விரற்கடை.

செலென்கா கையை உயர்த்தினான்.
கோட்டைத் தொட்டபடி இன்னொரு தடம் கிடந்தது,
பழையது, அதுவும் நான் பதித்ததுதான்.
நடுவர் அதன்மேல் விரல் நீட்டி
'உள்ளே' என்றார்.
'அது இல்லை, இது' என்றான் செலென்கா,
முதலில் ஆங்கிலத்தில், பிறகு இத்தாலியனில்,
கடைசியில் யாருக்கும் புரியாத அவன் மொழியில்.
நடுவர் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று
ப்ரிசீதாவிடம் சொன்னதுண்டு.
அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கைகுலுக்கல் முடிந்தும் அவன் போகவில்லை.
இரண்டு தடங்களுக்கும் நடுவில் நின்றான்.
தரை சமன்செய்யும் பையன் வலைப்பாயை
வட்டம் வட்டமாக இழுத்து வந்து
அவனைச் சுற்றிக்கொண்டு போனான்.

அந்தப் புள்ளிகளில் எழுபத்தெட்டாம் இடம்.
தகுதிச் சுற்று ஆடாமலே பாரிசுக்குள்.
பதினான்காம் ஆடுகளத்தில், முதல் சுற்றில்
மண்ணைக் கவ்வினேன், அதுவும் உயர்ந்த ரக மண்.
பிறகு இருநூறு, முந்நூற்றுப் பத்து.
மீசையில் ஒட்டவில்லை என்று
வானொலிக்குப் பேட்டி கொடுத்தேன்.

விடுதிகளின் காலை உணவு மேசையில்
செலென்காவை எத்தனையோ முறை பார்த்தேன்.
உப்பைக் கேட்டால் தள்ளிவிடுவான்.
அவ்வளவுதான்.
இருபத்தொன்பதில் ஆட்டத்தை விட்டான்.

போன மாதம் நான் ஓய்வை அறிவித்தேன்.
உள்ளூர்ப் பத்திரிகையில் ஆறு வரி,
'உர்கிசா'வில் ஓர் எழுத்துப் பிழை.
இரவு செலென்கா கூப்பிட்டான்.
சமையலறை அலமாரி விற்கிறானாம்.
இரட்டைப் பெண்கள், இருவரும் நீச்சலாம்.
இடுப்பு எப்படி என்றான்.
உலோகம் என்றேன்.
நரம்பு விற்கும் விலையைப் பேசினோம்.
பிறகு இருவரும் சும்மா இருந்தோம்,
ஸர்வ் போடுமுன் பந்தைத் தட்டும் நேரம்.

'ஜெனோவாவில் அன்று...' என்று தொடங்கினான்.
செருப்பில்லாத காலை
ஓட்டுத்தரையில் அழுத்தி நின்றேன்.

'நல்ல வெயில்' என்றான்.

'ஆமாம்' என்றேன்.
'கொளுத்தியது.'