அறுபத்தைந்து

பினாங்குப் பாலத்தில்
அறுபத்தைந்து வரை என் கப்சாய்
தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வரும்.
கொக்கியில் தொங்கும் தே ஓ ஐஸ் பொட்டலம்
சும்மா இருக்கும்.

எண்பதில் கண்ணாடி நடுங்கும்;
பின்னால் வரும் ஒரு லோரி
நான்கு லோரியாகும்.

தொண்ணூற்றேழைத் தொட்டது ஒரே முறை.
நடுமேட்டிலிருந்து இறக்கம், முதுகில் காற்று,
மோவாய் மீட்டரில் இடிக்குமளவு குனிந்திருந்தேன்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
ஆறு ஐம்பத்தொன்பதுக்கு கார்டு அடித்தேன்.
சூப்பர்வைசர் ரொஹானா
மணியைப் பார்த்தாள்,
பிறகு என் முட்டியை.
அது இன்னும் பாலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை.
தேநீரெல்லாம் கால்சட்டையில்;
பொட்டலத்தில் ஐஸ் மட்டும்.

திரும்பும்போது ஐம்பது.
கீழே, பாலத்துக்கு இணையாக ஒரு மீன்படகு
என்னை முந்தப் பார்த்தது.
போகட்டும் என்று விட்டேன்.